பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு மேசைக்கு இடம்

வீட்டில் அமைதியாக உட்கார்ந்து வேலை செய்ய என்ன வேண்டும் என்று கேட்டால், வீட்டு அலங்காரம் எழுதுவோர் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தொடங்குவார்கள்: முதலில் ஓர் அறையை ஒதுக்குங்கள். மேசை, நாற்காலி, ஜன்னலோரச் செடி எல்லாம் அதற்குப் பிறகு. இலங்கையின் மலையகத்தில் பதுளைக்கு முந்திய ரயில் நிலையம் ஹாலிஎல. அதைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் இந்த ஆலோசனை முதல் வரியிலேயே நின்றுவிடும். அங்கே இன்னும் ஏராளமான குடும்பங்களுக்கு வீடு என்பதே ஓர் அறைதான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில் ஒரு பாகத்தை மறைத்து அடுப்படி. பாட்டி முதல் கைக்குழந்தை வரை அதற்குள்தான். அந்த அறையிலும் மேசை வேலை நடக்கிறது. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்குப் படிக்கும் பிள்ளைகள், ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்தின் பதுளை நிலையத்திலோ பதிந்து படிப்பவர்கள், மறுநாள் பாடக்குறிப்பை இரவில் எழுதும் இளம் ஆசிரியைகள், கொழும்பு வேலையை விட்டு வந்து மடிக்கணினியில் பிழைப்புத் தேடும் இளைஞர்கள் எனப் பலர். இவர்களுக்கும் பொருந்தினால்தான் வீட்டு வேலையிடம் பற்றிய எந்த ஆலோசனையும் ஆலோசனை. அப்படிப் பொருத்திப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. அமைதியில் சுவர் தருவது ஒரு பங்குதான். மீதியைத் தருவது, அந்த அறையில் இருப்பவர்கள் நேரத்தையும் இடத்தையும் பற்றித் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. அந்த உடன்பாட்டுக்கும் ஒரு விலை உண்டு. அதை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

லயத்தில் மேசைக்கு இடமில்லாமல் போனது தற்செயலாக நடந்ததல்ல. வேலையும் குடியிருப்பும் ஒன்றாக இருந்த ஊர்களில், வேலையை மனதில் வைத்தே வீட்டைக் கட்டினார்கள். காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் கூடத்தின் நல்ல பாகம் குழித்தறிக்குப் போகும். இங்கிலாந்தின் வடபகுதியில் கைத்தறி நெய்தவர்கள், இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மாடி நெடுக ஜன்னல்கள் வைத்துக் கட்டினார்கள். லயத்தைக் கட்டியவர்களின் கணக்கு வேறு. 19ஆம் நூற்றாண்டில் முதலில் கோப்பிக்கும், கோப்பி நோயில் அழிந்த பின் தேயிலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுக்கு வேலை மலையிலும் தொழிற்சாலையிலும். எழுத்து வேலை தோட்ட ஆபீசிலும் பங்களாவிலும். லயமோ இரண்டு பெரட்டுகளுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இரண்டு காலைகளுக்கு, நடுவே படுத்தெழும்ப ஒரு கூரை, அவ்வளவுதான். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயத்தில் வெளிச்சமும் காற்றும் பெரும்பாலும் வாசல் வழியாகத்தான் வரும். பல பழைய லயங்களில் காம்பராக்களைப் பிரிக்கும் சுவர் கூரை வரை எழும்புவதில்லை. அடுத்த வீட்டுப் பேச்சும் இருமலும் சுவருக்கு மேலாக இறங்கிவரும். இங்கே வாழும் மனிதருக்கு எழுதவோ படிக்கவோ தேவை வரும் என்று கட்டியவர்கள் நினைக்கவே இல்லை. ஆனால் மலையக இலக்கியத்தின் பெரிய பெயர்களில் ஒன்றான தெளிவத்தை ஜோசப் 1934இல் ஹாலிஎலயை அடுத்த ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்து ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர். மேசை வேலைக்கான ஆட்கள் இந்த வட்டாரத்தில் என்றுமே இருந்திருக்கிறார்கள். இடம்தான் கொடுக்கப்படவில்லை.

இந்தக் குறையை நாடு முழுவதும் பார்க்க வைத்தது 2020ஆம் ஆண்டு. மார்ச் 13 முதல் பாடசாலைகள் மூடப்பட்டன. 20ஆம் திகதியிலிருந்து ஒரு வாரத்தை வீட்டிலிருந்து வேலை செய்யும் காலமாக அரசாங்கம் அறிவித்தது. பின்னர் ஊரடங்கு வந்தபோது பெருந்தோட்ட வேலைக்கு விலக்கு அளிக்கப்பட்டதால், கொழுந்து பறிக்கிறவர்கள் மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பிள்ளைகள். ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் அது பெரியவர்களோடு மலைக்குப் போய்விட்டால், பகல் முழுவதும் காம்பரா காலியாகக் கிடந்தும் பாடம் கேட்கக் கருவி இல்லை. மாலையில் கைப்பேசி திரும்பும்போது கூடவே எல்லோரும் திரும்பிவிடுவார்கள். 2021இல் இதே பதுளை மாவட்டத்தின் லுணுகலையில், பெரியவர்கள் துணைக்கு வர, மாணவர்கள் மலையுச்சிக் காட்டில் சுமார் 10 மீற்றர் உயரத்தில் அமைந்த மரவீட்டில் ஏறிப் பாடங்களை இறக்கிக்கொண்டது வெளிநாடுகளிலும் செய்தியானது. செய்தியைப் படித்தவர்கள் சிக்னல் இல்லாத கொடுமையைப் பார்த்தார்கள், அது சரிதான். அதில் இன்னொன்றும் இருந்தது. அந்தப் பிள்ளைகள் முறைவைத்துக்கொண்டு ஏறினார்கள். சின்ன இடத்தைப் பலர் பயன்படுத்த வேண்டியிருந்தால் நேரத்தைப் பங்கிட வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் புத்தகத்தில் எழுதிக் காட்டவில்லை. அடுத்த ஆண்டும் நிலைமை ஓயவில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. ஜூனில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகளும் அரச அலுவலகங்களும் மறுபடி வீட்டுக்குள் வந்தன. வீடு வேலையிடமாக மாறும் நாள் இனி எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

தனியறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆய்வுகள் உண்டு. அவற்றைக் கொஞ்சம் கவனமாகப் பார்ப்பது நல்லது. வீட்டிலிருந்து வேலை செய்தால் உற்பத்தி கூடும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சுட்டுவது சீனாவில் நடந்த ஒரு சோதனையை. சீட்ரிப் என்ற பயண முகவர் நிறுவனத்தின் ஷாங்காய் தொலைபேசி நிலையத்தில் 2010 இறுதியில் தொடங்கி ஒன்பது மாதம் அது நடந்தது. ஸ்டான்ஃபோர்ட் பொருளியலாளர் நிக்கலஸ் ப்ளூமும் சகாக்களும் நடத்தினார்கள். வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. அதில் ஏறத்தாழ 9 சதவீதம் ஓய்வும் விடுப்பும் குறைந்ததால் வந்தது. மீதி 4 சதவீதம் ஒரு நிமிடத்தில் அதிக அழைப்புகளைக் கவனித்ததால் வந்தது. வீடு அலுவலகத்தைவிட அமைதியாக இருந்ததே அதற்குக் காரணம் என்றார்கள். ஆனால் அதில் சேரவே, வீட்டில் தனியறையும் இணைய இணைப்பும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. சோதனையை மேற்கோள் காட்டுவோர் இந்த நிபந்தனையைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அந்த 13 சதவீதத்தைத் தனியறை உள்ளவர்களின் கணக்காகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் 1975இல் வெளிவந்த ஒரு நியூயோர்க் ஆய்வு இன்னும் தெளிவானது. உயரப் பாலத்தில் ஓடும் ரயில் பாதையை ஒட்டிய ஒரு பாடசாலையில், ரயில் பக்கத்து வகுப்புகளில் படித்தவர்கள் அமைதியான பக்கத்தில் படித்தவர்களைவிட வாசிப்பில் ஓராண்டு வரை பின்தங்கியிருப்பதை ஆர்லின் பிரான்சாஃப்ட் கண்டுபிடித்தார். தண்டவாளத்தில் ரப்பர் பட்டைகளும் வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் தட்டிகளும் பொருத்திய பிறகு அந்த வித்தியாசம் மறைந்தது. 1992இல் மியூனிக்கின் பழைய விமான நிலையம் மூடப்பட்டபோதும் இப்படித்தான்: அதன் அருகே வாழ்ந்த பிள்ளைகளின் வாசிப்பும் நினைவும் தேறின, புதிய நிலையத்தின் அருகே வாழ்ந்தவர்களுக்குக் குறைந்தன. பிள்ளைகளின் திறமையில் மாற்றமில்லை. மாறியது சத்தம் மட்டுமே.

சத்தத்திலும் வகை உண்டு. மனித மனம் வெறும் இரைச்சலை ஓரளவு ஒதுக்கிவிடும். பேச்சை ஒதுக்குவது கடினம் என்பதை 1970கள் முதல் உளவியல் சோதனைகள் காட்டிவருகின்றன. அதிலும் புரிகிற பேச்சு வாசிப்பையும் எழுத்தையும் அதிகமாகக் கெடுக்கிறது. பீலித் தண்ணீர் விழும் ஓசையில் படிக்க முடிகிற பிள்ளைக்கு, தொலைக்காட்சித் தொடரின் வசனத்தில் படிக்க முடியாதது அதனால்தான். இது லயத்துக்கு உதவும் செய்தி. எல்லாச் சத்தத்தையும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் தேவையில்லை. பேச்சை மட்டும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்குக் குறைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எந்த நேரத்துக்கு என்பதற்கு லயத்தின் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். விடியுமுன்பே அம்மா எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, பெரட்டுக்குப் போகிறாள். மாலை கொழுந்து நிறுத்துவிட்டு ஐந்து மணியளவில்தான் திரும்புகிறாள். பிறகு குளிப்பு, சமையல், தேத்தண்ணி, சாமி விளக்கு, தொலைக்காட்சி, வந்து போகிறவர்கள். ஐந்திலிருந்து ஒன்பது வரை காம்பரா ஒரு நாளின் முழு வாழ்க்கையையும் அந்த நான்கு மணி நேரத்துக்குள் வாழ்ந்து முடிக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு வாய்ப்பதும் அதே நேரம்தான். இங்கே யாரும் யாருக்கும் எதிரி இல்லை. எல்லோருடைய தேவையும் அதே நான்கு மணி நேரத்துக்குள் விழுகிறது. ஆகவே பகுக்க வேண்டியது அந்த நேரத்தை. ஏழிலிருந்து எட்டரை வரை பேச்சும் தொலைக்காட்சியும் குறைந்த நேரம் என்று குடும்பமே உட்கார்ந்து தீர்மானித்தால், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அந்த வீட்டில் ஒரு படிப்பறை இருக்கிறது. அது தினமும் அதே நேரமாக இருப்பது முக்கியம். இன்று ஏழு, நாளை ஒன்பது என்றால் தினமும் புதிதாகக் கெஞ்ச வேண்டியிருக்கும். பகலில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு எட்டு முதல் நான்கு வரை காம்பரா ஓரளவு ஓய்ந்திருக்கும். அவர்கள் கடினமான வேலையை அப்போது முடித்து, கை மட்டும் ஓடும் வேலையை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். சுவர் கூரையைத் தொடாத லயத்தில் ஒரு வீட்டின் தீர்மானம் மட்டும் போதாது. அடுத்த காம்பராவும் சேர வேண்டும். தோட்டங்களில் இதற்கு ஆள் இல்லாமலில்லை. தோட்டத் தலைவர், மாதர் சங்கம், கோயில் கமிட்டி எனத் திருவிழாவுக்கும் துக்கத்துக்கும் லயம் முழுவதையும் ஒன்றுசேர்க்கத் தெரிந்த அமைப்புகள் அங்கே உண்டு. பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதங்களுக்கு லயமே ஒரு மௌன நேரத்தைக் கடைப்பிடிக்க அவர்கள் சொன்னால் நடக்கும்.

மழை மட்டும் யார் சொல்லையும் கேட்காது. ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை வருகிறது. தகரக் கூரையில் அது விழும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. சாதாரண தரப் பரீட்சை நெடுங்காலம் டிசம்பரில் நடந்ததை நினைத்தால், மலையகப் பிள்ளைகள் கடைசி மாதப் படிப்பை எந்தச் சத்தத்துக்குள் முடித்தார்கள் என்பது புரியும். இதற்குக் கூரையின் அடியில் ஒரு தட்டி வேண்டும். அது குடும்பத்தின் கையில் இல்லை. தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு.

குடும்பத்தின் கையில் உள்ளதற்கு வருவோம். தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1350 ரூபாயை எட்டியதே 2024 செப்டம்பரில்தான். கடையில் விற்கும் மேசையும் நாற்காலியும் அந்தக் கூலியில் பல நாளை விழுங்கிவிடும். விலையைவிட, அவற்றை வைக்க இடமே இல்லை. முன்பெல்லாம் கணக்கப்பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு, முன்னால் ஒரு சாய்பலகை வைத்து நாள் முழுவதும் எழுதினார்கள். பலகை சாய்ந்திருந்ததால் கழுத்தை அதிகம் குனிய வேண்டியதில்லை. தச்சரிடம் சொல்லி அப்படி ஒன்று செய்வது எளிது; வேலை முடிந்ததும் சுவரில் சாத்திவிடலாம். முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்தால் அறையின் நடமாட்டமும் கண்ணில் குறைவாகவே தட்டும். பலகையைவிட முக்கியமானது அதன் மூலை. புத்தகம், பேனா, சார்ஜர் எல்லாம் இருக்கும் ஓர் ஓரம், அதை வேறு யாரும் எதற்கும் எடுக்காத வழக்கம். படிக்க உட்காரும்போது முதல் கால்மணி நேரம் பொருளைத் தேடிப் போகாது. அடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி அமைகிறதோ அவ்வளவு நல்லது. விறகுப் புகை கண்ணை எரிப்பதோடு நிற்பதில்லை, நுரையீரலையும் கெடுக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாக எச்சரித்துவருகிறது. வெளிச்சத்தில்தான் பெரும்பாலும் சண்டை வரும். காம்பராவின் நடுவில் தொங்கும் ஒரே பல்பு எரிந்தால் யாரும் தூங்க முடியாது, அணைத்தால் யாரும் படிக்க முடியாது. தனி சுவிட்சோடு ஒரு சிறு எல்ஈடி விளக்கு, அதைச் சுற்றி ஒரு மட்டை மறைப்பு. வெளிச்சம் பலகையில் மட்டும் விழும், தங்கை தூங்குவாள். இந்த ஒரு மாற்றத்துக்குப் பெரிய செலவில்லை, பலன் பெரிது.

மனம் இருந்தால் எங்கும் படிக்கலாம், வசதி பேசுவது சோம்பலுக்குச் சாக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதி முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்தவர் என்ற கதையை எத்தனை மேடைகளில் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையையே கவனித்துப் பார்க்கலாம். ஒரு சிறுவன் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஏன் போகிறான்? வீட்டில் இல்லாத வெளிச்சம் அங்கே இருப்பதால். அவனும் ஓர் இடத்தைத் தேடித்தான் போனான். தடைகளைத் தாண்டி வந்த ஒருவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே தெருவில் தாண்ட முடியாமல் நின்றுபோனவர்களை யாரும் எழுதிவைக்கவில்லை. 2018இல் நடந்த பீசா என்ற சர்வதேச மாணவர் மதிப்பீட்டில் வீட்டில் படிக்க அமைதியான இடம் உண்டா என்றும் கேட்டார்கள். வசதியான நாடுகளிலேயே சராசரியாக நூற்றுக்கு 9 பேருக்கு இல்லை. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்தில் நூற்றுக்கு 30 பேருக்கும் மேல் இல்லை. இத்தனை பிள்ளைகளையும் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது.

இன்னொரு மறுப்பு கனமானது. லயத்துக்குள் மூலை ஒதுக்கச் சொல்வது லயத்தையே ஏற்றுக்கொள்வது ஆகாதா, மக்கள் கேட்க வேண்டியது தனி வீடு அல்லவா என்பது அது. கேட்க வேண்டியது தனி வீடுதான். அதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லய வரிசைகள் மண்சரிவில் புதைந்துபோனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் பதுளை மாவட்டம் பட்ட பாட்டையும் கண்டவர்களுக்கு வீடு என்பது முதலில் உயிர்ப் பிரச்சினை. ஆனால் தனி வீடு வந்துவிட்டால் மேசை தானாக வந்துவிடாது. தோட்டங்களுக்கான இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 7 பேர்ச் காணியில் 550 சதுர அடியில் கட்டப்படும் வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், சமையலறை உண்டு. லயத்தோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம். அந்த வீட்டிலும் இரண்டு தலைமுறை சேர்ந்திருந்தால், நேரப் பங்கீடு இல்லாமல் கூடத்தில் தொலைக்காட்சிதான் ஆட்சி செய்யும். வரைபடத்திலேயே ஜன்னலுக்குக் கீழே சுவரோடு பதித்த ஓர் எழுதுபலகையும் அதன் பக்கத்தில் ஒரு மின்செருகியும் போடும்படி இப்போதே கேட்டுவாங்க வேண்டும். வீடு கட்டி முடிந்த பிறகு யாரும் திரும்பி வந்து அதைச் செய்யப் போவதில்லை. இத்திட்டத்தில் ஏற்கெனவே அறிவித்த 4,000 வீடுகளோடு இன்னும் 10,000 வீடுகள் தரப்படும் என்று 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்தவற்றில் இன்னும் பல கட்டப்பட வேண்டியவை. கேட்பதற்கு நேரம் தவறிவிடவில்லை.

விலை யார் கொடுப்பது என்ற கேள்வி மீதமிருக்கிறது. வீட்டில் மௌன நேரம் என்று சொல்லும்போது, நடைமுறையில் வாயை மூடுவது பெரும்பாலும் அம்மாதான். தொலைக்காட்சித் தொடர் அவளுக்கு நாள் முழுதும் மலையேறி இறங்கிய பிறகு கிடைக்கும் ஒரே ஓய்வாக இருக்கலாம். அண்ணன் படிக்கும் ஒன்றரை மணி நேரத்தில் தங்கை அடுப்படியில் பாத்திரம் கழுவினால், அந்த அமைதியை அவள் படிப்பைக் கொடுத்து வாங்கியிருக்கிறோம். ஆகவே உடன்பாட்டில் முதலில் எழுத வேண்டியது பெண்பிள்ளைக்கும் அதே பலகையில் அதே அளவு நேரம் என்பதும், அந்த நேரத்து வீட்டு வேலை அப்பாவுக்கும் அண்ணனுக்கும் என்பதும், எட்டரைக்குப் பிறகு அம்மாவின் தொடரை யாரும் நிறுத்தக் கூடாது என்பதும்தான். இது இல்லாத அமைதி அநியாயமானது. அநியாயமானது நீடிப்பதும் இல்லை.

எவ்வளவு முயன்றாலும் உடன்பாடு எட்டாத காம்பராக்கள் உண்டு. எட்டுப் பேர் இருக்கும் வீட்டில், குடி நிறுத்தாத ஒருவர் இருக்கும் வீட்டில், யாரிடம் பேசி எந்த நேரத்தை ஒதுக்குவது? அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே ஓர் அறை வேண்டும். அது தோட்டத்திலேயே இருக்கிறது. பெரும்பாலான தோட்டங்களில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா உண்டு. தாய்மார் மலையிலிருந்து திரும்பியதும் அது பூட்டப்பட்டு, மறுநாள் காலை வரை காலியாகக் கிடக்கிறது. கூரையும் விளக்கும் உள்ள அந்தக் கட்டடம் லயத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பெண்பிள்ளைகள் இருட்டில் தூரம் நடக்க வேண்டியதில்லை. பிள்ளைக் காம்பராக்களை நடத்துவதில் தோட்டக் கம்பெனிகளுக்கும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்துக்கும் பங்கு இருக்கிறது. அந்தந்தத் தோட்டத்தில் படித்து ஆசிரியரான இளைஞர்கள் முறைவைத்து மேற்பார்வை பார்க்கலாம். ஹாலிஎல வட்டாரத் தோட்டத் தலைவர்களிடமும் நிர்வாகிகளான துரைமாரிடமும் கேட்பது இதுதான்: அடுத்த பரீட்சைக் காலம் தொடங்குவதற்கு முன், மாலை ஆறு முதல் ஒன்பது வரை பிள்ளைக் காம்பராவின் திறப்பு யார் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள். அதற்குப் புதிதாக ஒரு செங்கல்கூடத் தேவையில்லை.